மாதிரிச் சிப்பி

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த கையோடு, துபாயிலிருந்து என் தங்கை மகன் கூப்பிட்டான். வீட்டு நலம் விசாரித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தான்.

"மாமா, ஸ்டெம் செல் மருந்து செய்யிற கம்பெனி ஒண்ணு ஷேர் கொடுக்குது. கூட வேலை பாக்குறவங்க நாலஞ்சு பேர் போட்டுட்டாங்க. நானும் அஞ்சு லட்சம் போடலாமா? நீங்க பேங்க்ல இருந்தவங்க, நீங்க சொன்னா சரி."

நான் 34 வருடம் வங்கியில் இருந்தேன். ராமநாதபுரம், மண்டபம், தொண்டி என்று பெரும்பாலான நாள் இந்தக் கடற்கரையிலேயே கழிந்தது. வலைக்கும் வள்ளத்துக்கும் இறால் குட்டைக்கும் கடன் கேட்டு வந்த தாள்களைப் படித்தவன். ஆனாலும் அவனுக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. ரெண்டு நாள் டைம் கொடு வாப்பா என்று வைத்துவிட்டேன்.

அந்த ரெண்டு நாளும் என் நினைவெல்லாம் மரிச்சுக்கட்டியில்தான் இருந்தது. இலங்கையின் வடமேற்குக் கரையில், சிலாவத்துறைக்குப் பக்கத்தில் உள்ள மணல் திடல் அது. என் வாப்பாவின் வாப்பா 1905 இல், இருபது வயதில், கீழக்கரையிலிருந்து தோணியில் அங்கே முத்துக்குளிக்கப் போனார். உயிருள்ள ஒன்றுக்குள், கண்ணுக்குத் தெரியாமல் வளர்கிற பொருளுக்கு முன்கூட்டியே விலை வைப்பது எப்படி என்பதை எங்கள் ஊர் பல நூறு வருடம் பழகியிருக்கிறது. ஸ்டெம் செல் கம்பெனிகள் வருவதற்கு வெகுகாலம் முன்னால் இந்த மன்னார் வளைகுடாவில் அப்படி ஒரு கம்பெனியும் வந்தது, பங்கும் விற்றது, போயும் போயிற்று. அந்தக் கதையை அவனுக்குச் சொல்லாமல் ஆம், இல்லை என்று பதில் சொல்வது சரியாக இருக்காது.

முத்துக்குளிப்பை எங்கள் பெரியவர்கள் சலாபம் என்பார்கள். கடலடியில் சிப்பி படர்ந்து கிடக்கும் பாறைத் திட்டுக்குப் பார் என்று பேர். எல்லாப் பாரிலும் எல்லா வருடமும் சிப்பி இருக்காது. ஒரு வருடம் லட்சக்கணக்கில் குஞ்சுச் சிப்பி ஒட்டிக் கிடக்கும்; அடுத்த வருடம் போய்ப் பார்த்தால் வெறும் மணல். நீரோட்டம் அள்ளிக்கொண்டு போயிருக்கும், அல்லது கிளாத்தியும் திருக்கையும் தின்று தீர்த்திருக்கும். தொடர்ந்து இருபது முப்பது வருடம் சலாபமே இல்லாமல் கழிந்த காலங்கள் உண்டு.

அதனால்தான் சலாபத்துக்கு ஒரு முறை இருந்தது. முதலில் பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பியை மட்டும் மாதிரிக்கு எடுப்பார்கள். அவற்றை அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தை அளவு வேறு வேறான துளை போட்ட பித்தளைத் தட்டுகளில் சலித்து, ரகம் பிரித்து, மஞ்சாடிக் கணக்கில் நிறுத்து, முத்து வியாபாரிகளை வைத்தே விலை மதிப்பார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் முத்து என்று ஒரு கணக்கு வரும். அந்தக் கணக்கு தேறினால்தான் சலாபம் அறிவிப்பார்கள். இத்தனாம் தேதி, இன்ன பார், மாதிரியில் கண்ட மதிப்பு இவ்வளவு என்று விளம்பரம் போகும். அதைப் பார்த்துத்தான் கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் ஆட்கள் புறப்படுவார்கள். செட்டிநாட்டிலிருந்தும் பம்பாயிலிருந்தும் பணம் புறப்படும்.

பங்கு பிரிப்பதிலும் ஒரு முறை இருந்தது. விடிவதற்கு முன் கரைக்காற்றில் பாருக்குப் போன வள்ளங்கள் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்றில் திரும்பும். கொட்டு என்கிற வேலி அடைத்த களத்துக்குள் சிப்பியைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். குளித்தவர்களே அதை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். பிரித்த பிறகு அதிகாரி வந்து இரண்டு குவியலை அரசாங்கத்துக்கென்று கைகாட்டுவார். மிச்சம் ஒன்று குளித்தவர்களுக்கு. எந்தக் குவியல் தனக்கு மிஞ்சும் என்று பிரிக்கிறவனுக்குத் தெரியாது. ஆகவே மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 1906 இல் அந்தக் கொட்டில் வேலை பார்த்த இளம் அதிகாரி லியோனார்ட் வுல்ஃப், பின்னாளில் எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் கணவர், இந்தக் காட்சிகளைத் தன் வாழ்க்கை நூலில் எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் அதையே வாப்பா சோற்றுத்தட்டை வைத்துச் சொல்வார். பிள்ளைகளில் ஒருவர் பொரித்த மீனைப் பங்கு வைக்க வேண்டும், மற்றவர் முதலில் எடுக்க வேண்டும். "கொட்டு நியாயம்" என்பார்.

கொட்டை விட்டு வெளியே வந்ததும் குளித்தவர்கள் தங்கள் குவியலைத் திறக்காமலேயே விற்பார்கள். திறந்து பார்க்க ஆசை இருக்கும். ஆனால் அன்றைய சோற்றுக்குக் காசு வேண்டும். வாங்குபவருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. மாதிரிக் கணக்கு மட்டும்தான் கையில் இருக்கும். பத்து சிப்பி வாங்கும் ஏழையும் உண்டு, லட்சம் சிப்பி எடுக்கும் வியாபாரியும் உண்டு. ஆணிமுத்து அகப்பட்டால் ஊர் பேசும். பெரும்பாலோருக்குக் கிடைப்பது தூள். 1905 சலாபத்தில் அரசுக்கு மட்டும் வந்தது சுமார் 25 லட்சம் ரூபாய். அந்தப் பார்களில் அதற்கு முன் கண்டிராத வருமானம்.

வாப்பாவின் வாப்பா அங்கே ஐந்து பாகம், எட்டுப் பாகம் ஆழத்தில் குளித்தார். கால்விரலில் கல்லைக் கோத்துக்கொண்டு இறங்குவது, கூடையில் வாரிப் போடுவது, கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவன் இழுப்பது. ஒரு கல்லுக்கு இரண்டு பேர் மாறி மாறி. பழைய காலத்தில் உரிமையும் வரியும்கூடக் கல் கணக்கில்தான் பேசப்பட்டன. ராமநாதபுரம் சேதுபதிக்கு இத்தனை கல், கோயிலுக்கு இத்தனை கல் என்று மானியம் இருந்தது. சுறாவைக் கட்டும் கடல்கட்டி கரையில் நின்று மந்திரம் ஓதுவார். அவருக்கும் சிப்பியில் பங்கு. யாருடைய பங்கும் சிப்பி வந்தால்தான் வரும், வராவிட்டால் யாருக்கும் இல்லை. கல் என்ற அந்தச் சொல்லை இன்றைய ஷேர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வைத்து யோசிக்கும்போது எனக்கு ஒரு வித்தியாசம் தெரிகிறது. ஒவ்வொரு கல்லோடும் ஒருவன் கடலுக்குள் இறங்கினான்.

இனி அந்தக் கம்பெனி.

1891 க்குப் பிறகு இலங்கைப் பார்கள் வற்றிப்போய்ப் பத்துப் பன்னிரண்டு வருடம் சலாபம் இல்லை. என்ன காரணம் என்று கண்டுபிடிக்க இலங்கை அரசு லிவர்பூலைச் சேர்ந்த விலங்கியல் பேராசிரியர் ஹெர்ட்மனை 1902 இல் வரவழைத்தது. கூட வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். ஹெர்ட்மன் ஊர் திரும்பியும் ஹார்னெல் இருந்து வேலை செய்தார். முடிவுகள் 1903 முதல் 1906 வரை ஐந்து பெரிய தொகுதிகளாக லண்டன் ராயல் சொசைட்டி வெளியீடாக வந்தன. சிப்பியின் உடலமைப்பு, பார்களின் நிலை, வளைகுடாவின் உயிரினங்கள் என்று அதில் உள்ள உழைப்பு அபாரமானது. இன்றைக்கும் மன்னார் வளைகுடாவைப் படிப்பவர்கள் அதைத் தாண்டிப் போக முடியாது.

ஆனால் அதில் ஒரு கொள்கையும் இருந்தது. நல்ல முத்து உண்டாவதற்குக் காரணம் ஒரு நாடாப்புழுவின் குஞ்சு என்றார் ஹெர்ட்மன். அந்தப் புழு சிப்பியின் உடலுக்குள் புகுந்து செத்துப்போக, அதைச் சுற்றிச் சிப்பி முத்துப் பூச்சைப் பூசுகிறது. புழு முழு வளர்ச்சி அடைவது சிப்பியைத் தின்னும் மீனுக்குள். இதன்படி பார்த்தால் திருக்கை சிப்பிக்குப் பகை, முத்துக்கு உறவு. கேட்க அழகான கொள்கை. முத்து எதனால் உண்டாகிறது என்று தெரிந்துவிட்டது, இனி சிப்பியை இடம் மாற்றி வளர்த்து, முத்தைப் பெருக்கி, சலாபத்தை வருடா வருடம் நடத்தலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

1903 இல் பார்கள் மறுபடி நிறைந்தன. 1904, 1905 என்று சலாபம் மேலே மேலே போனது. அந்த உச்சியில், 1906 இல், இலங்கை முத்துக்குளிப்போர் கம்பெனி என்ற பேரில் லண்டன் முதல் போட்ட ஒரு நிறுவனம் பார்களை 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. வருடக் குத்தகை 3,10,000 ரூபாய். அதற்குமேல் விஞ்ஞான முறையில் சிப்பி வளர்க்கும் செலவு வேறு. ஒரே வருடத்தில் 25 லட்சம் வந்த கடலுக்கு மூன்று லட்சம் குத்தகை என்றால் லண்டனில் பங்கு வாங்கியவர்களுக்கு அது லாபமாகத்தான் பட்டிருக்கும். அந்தக் காகிதம் என் மேஜைக்கு வந்திருந்தால் நானும் மயங்கியிருப்பேன். ராயல் சொசைட்டி போட்ட ஐந்து தொகுதி முன்னால் இருக்கும்போது, கீழக்கரைக் கிழவன் ஒருவன் "தொடர்ந்து நாலு வருஷம் வாரின பாரு அஞ்சாம் வருஷம் வெறுங்காடு" என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

1907 சலாபத்தோடு சரி. அதற்குப் பிறகு கம்பெனிக்குப் பார்கள் ஒன்றும் கொடுக்கவில்லை. ஐந்து வருடம் தொடர்ந்து வாரியதில் கடலடி ஓய்ந்துபோயிற்று. இடம் மாற்றி வைத்த சிப்பி நிலைக்கவில்லை. 1912 இல் கம்பெனி கலைக்கப்பட்டது. ஹார்னெல் சென்னை மாகாண மீன்துறைக்கு வந்து, எங்கள் கரைச் சங்கையும் முத்தையும் பற்றி நூல்கள் எழுதினார். அவருக்கு இந்தக் கடல் கடன்பட்டிருக்கிறது.

அதே 1912 இல் லிஸ்டர் ஜேம்சன் என்ற விலங்கியலாளர் ஹெர்ட்மன் சேகரித்த முத்துகளையும் கண்ணாடித் துண்டு மாதிரிகளையும் மறுபடி ஆராய்ந்து எழுதினார். அந்த முத்துகளின் நடுவில் நாடாப்புழு இல்லை என்பதுதான் அவர் கண்ட முடிவு. முத்தை உண்டாக்குவது சிப்பியின் மேலுறையைச் சேர்ந்த உயிரணுக்கள். அந்த உயிரணுக்கள் உள்ளே ஒரு பையாக மூடிக்கொண்டால் அந்தப் பைக்குள் முத்து விளையும். நடுவில் புழு இருக்கலாம், மணல் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். வேலை செய்வது செல்.

லண்டன் புழுவின்மேல் பணம் போட்ட அதே வருடங்களில் ஜப்பான் செல்லின்மேல் போட்டது. மிகிமோட்டோ 1893 இலேயே அரைமுத்து எடுத்திருந்தார். 1907 வாக்கில் மிசே, நிஷிகவா இருவரும் உருண்டை முத்துக்கு வழி கண்டார்கள். ஒரு சிப்பியின் மேலுறையில் சின்னத் துண்டை வெட்டி, அதோடு ஒரு மணியையும் இன்னொரு சிப்பியின் உடலுக்குள் வைப்பதுதான் அந்த வழி. அதுவும் உடனே காசாகவில்லை. காப்புரிமை தீர்ந்து, கைப்பழக்கம் பரவி, சந்தையில் முத்து குவிய இருபது வருடமானது. குவிந்தபோது பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்பு 1930 களில் சாய்ந்துபோயிற்று. என் மருமகன் இன்று ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிற துபாய் அன்று முத்துக்குளித்துப் பிழைத்த ஊர். மரிச்சுக்கட்டியில் எங்கள் ஆட்களுக்குப் பக்கத்தில் குளித்த அரபிகளின் பேரப்பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். ஒரு துண்டு மேலுறை அவர்கள் தொழிலையே முடித்து வைத்தது.

அந்தத் துண்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1980 களின் நடுவில் மண்டபத்தில் வேலை பார்த்தேன். அப்போது இந்தக் கரையில் முத்து வளர்ப்புப் பேச்சு சூடாக இருந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமியும் அவர் குழுவும் 1973 ஜூலையில் தூத்துக்குடியில் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை எடுத்திருந்தார்கள். குருசடைத் தீவில் சென்னை மாகாண மீன்துறை 1930 களிலேயே சிப்பிப் பண்ணை வைத்துப் பார்த்தது. 1983 இல் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகமும் ஸ்பிக் நிறுவனமும் சேர்ந்து தமிழ்நாடு பேர்ல்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கி, குருசடையில் பண்ணை போட்டன. கடன் கேட்பவர்கள் வருவார்கள், தொழிலைப் புரிந்துகொள் என்று மேலிடம் என்னை ஒரு செய்முறைப் பயிற்சிக்கு அனுப்பியது.

மேஜைமேல் ஒரு தட்டில் சிப்பிகள். மெந்தால் போட்ட நீரில் மயங்கிக் கிடந்தன. பயிற்சி கொடுத்தவர் ஒன்றை எடுத்துப் பிடிப்பானில் செருகினார். இன்னொரு சிப்பியிலிருந்து மேலுறையின் விளிம்பை ரிப்பன்போல வெட்டி, வழுவழுப்பைத் துடைத்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் சதுரங்களாக நறுக்கினார். ஒரு சதுரத்தை ஊசி முனையில் எடுத்து என் கண்ணுக்கு நேரே காட்டினார். அரிசிக் குருணை அளவுகூட இல்லை. "இதுக்கு வெளிப்பக்கம் உள்பக்கம் உண்டு சார். வெளிப்பக்க செல்லுதான் முத்துப் பூச்சு பூசும். மணியைத் தொடுறது அந்தப் பக்கமா இருக்கணும். மாத்தி வச்சா ஒண்ணும் விளையாது" என்றார். மயங்கிய சிப்பியின் பாதத்துக்கு அடியில் ஒரு சிறு கீறல், அதிலிருந்து உள்ளே ஒரு வழி, அந்த வழியில் முதலில் சதுரத்துண்டு, பின்னாலேயே மணி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. செல்கள் பெருகி, சில நாளில் மணியைச் சுற்றிப் பையாக மூடிக்கொள்ளும் என்றார்.

அந்தச் சதுரத்துக்கு ஜப்பானியர் வைத்த பேரையும் அவர்தான் சொன்னார். சாய்போ. ஜப்பானிய மொழியில் செல் என்று அர்த்தம். இன்று அதே மொழியில் ஸ்டெம் செல்லுக்கு கான்சாய்போ என்று சொல்கிறார்கள் என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். மேலுறைத் துண்டு ஸ்டெம் செல் ஆகாது. வேறு வகைத் திசுவாகவும் வளரக்கூடிய குருத்தணு வேறு, பூச்சு பூசத் தெரிந்த மேலுறை அணு வேறு. ஆனால் ஓர் உடலின் உயிரணுவை எடுத்து இன்னோர் உடலில் வைத்து, அது அங்கே தன் வேலையைச் செய்யும் என்று நம்பிப் பணம் போடுவது இரண்டிலும் ஒன்றுதான்.

நான் வங்கிக்காரன் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். எத்தனை மாதத்தில் பணம் திரும்பும்? அவர் கோபப்படவில்லை. சின்ன மணி என்றால் நாலு மாதம், பெரிய மணி என்றால் ஒன்றரை வருடம்வரை என்றார். பிறகு ஜன்னல் வழியாகக் கடலைக் காட்டினார். சிப்பி மணியைத் துப்பிவிடலாம். செத்துப்போகலாம். கொட்டலசு ஓட்டில் ஏறும், கடற்பஞ்சு துளைக்கும், ஓயாமல் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கூண்டு தாங்க வேண்டும். நம் கடல் சிப்பி ஜாதி சிறியது, பெரிய முத்துக்கு இடம் கொடுக்காது. ஆய்வுக்கூடத்தில் விளைந்தது உண்மை; அது தொழிலாக நிற்குமா என்பது வேறு கணக்கு. அந்த மனிதர் எனக்குச் சொன்னதை நான் எந்தப் பங்கு விளம்பரத்திலும் இன்றுவரை படித்ததில்லை.

மன்னார் வளைகுடாவில் முத்து வளர்ப்பு பெருந்தொழிலாக வேரூன்றவில்லை. இயற்கைச் சலாபமும் 1961 தூத்துக்குடியோடு நின்றுபோயிற்று. செல் பொய் சொல்லவில்லை. ஜப்பானில் அதே செல் ஒரு நாட்டுக்கே தொழிலானது. இங்கே கடலும் சிப்பியும் முதலும் பொறுமையும் ஒரே நேரத்தில் ஒன்றுசேரவில்லை.

இதைத் தெரிந்துகொண்டும் நான் ஒருமுறை தவறினேன். 1993, 94 வாக்கில் இறால் பண்ணைக் கம்பெனிகள் வரிசையாகப் பங்கு வெளியிட்டன. மண்டபத்தில் அந்தச் சதுரத்துண்டைப் பார்த்த அதே கண்ணோடு ஒரு கம்பெனியில் 200 பங்கு வாங்கினேன். உம்மா தன் வளையலை விற்றுக் கொடுத்த பணம் அதில் இருந்தது. அந்தப் பண்ணையை நான் போய்ப் பார்க்கவில்லை. குட்டையில் எத்தனை அறுவடை முடிந்திருக்கிறது என்று கேட்கவில்லை. வெண்புள்ளி நோய் வந்தது, குட்டைகள் செத்தன. நன்னீரும் வயலும் உப்பாகிப்போன ஊர்களுக்காகக் காந்தியவாதி ஜெகந்நாதன் போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடற்கரைப் பண்ணைகளை இடிக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு நியாயமானது. என் பங்குக் காகிதம் இன்னும் பெட்டியில் இருக்கிறது.

இப்போது ஸ்டெம் செல்லுக்கு வருகிறேன். மாதிரிச் சிப்பி திறந்து மதிப்புத் தேறிய பகுதி அதில் உண்டு, சந்தேகமில்லை. எலும்பு மஜ்ஜை மாற்றுதான் அது. ரத்தப் புற்றுக்கும் தாலசீமியாவுக்கும் பிறரது ஸ்டெம் செல்லை ஏற்றிக் காப்பாற்றும் மருத்துவம் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983 லும், வேலூர் சி.எம்.சி. யில் 1986 லும் தொடங்கிவிட்டது. எங்கள் தெருவிலேயே வேலூர் போய் உயிரோடு திரும்பிய பிள்ளை ஒன்று உண்டு. கண்ணின் கருவிழி ஓரத்து ஸ்டெம் செல்லை வளர்த்துப் பார்வை கொடுப்பதை ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிலையம் இருபது வருடத்துக்கும் மேலாகச் செய்து வருகிறது. இவற்றைச் செய்தவை ஆஸ்பத்திரிகள். பங்கு விற்ற கம்பெனிகள் அல்ல.

கம்பெனிகளின் கதை நீண்டது. மனிதக் கருவின் ஸ்டெம் செல்லை ஜேம்ஸ் தாம்சன் 1998 இல் பிரித்தெடுத்தபோது அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களில் அமெரிக்காவின் ஜெரான் கம்பெனியும் ஒன்று. தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அந்தச் செல்லைச் செலுத்தும் சோதனையை அது 2010 இல் தொடங்கியது. ஒரே வருடத்தில், 2011 நவம்பரில், நிறுத்திவிட்டது. சொன்ன காரணம் பணம். செல் தன் பாட்டில் வேலை செய்ய எடுக்கும் காலமும், முதல் போட்டவன் காத்திருக்கும் காலமும் ஒத்துப்போகவில்லை. ஆஸ்திரேலியாவின் மெசோபிளாஸ்ட் 2004 இல் தொடங்கியது. அதன் மருந்தை அமெரிக்க அரசு 2020 லும் 2023 லும் திருப்பி அனுப்பி, 2024 டிசம்பரில்தான் ஏற்றது. அதுவும் மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு வரும் ஒரு சிக்கலுக்கு, குழந்தைகளுக்கு மட்டும். இருபது வருடம். லண்டன் கம்பெனி எடுத்த குத்தகைக் காலமும் அதுதான். பெங்களூரின் ஸ்டெம்பியூட்டிக்ஸ் 2006 இல் தொடங்கி, புகையிலையால் கால் ரத்தக்குழாய் அடைத்துப் புண்ணாகும் பர்ஜர் நோய்க்கு 2016 இல் வரம்புக்கு உட்பட்ட அனுமதி வாங்கியது. பீடி பிடித்தே விரல் கறுத்துப்போன எத்தனையோ வள்ளக்காரர்களை நான் அறிவேன். அவர்களுக்கு அது எட்டும் நாள் வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இன்னொரு வகைக் கம்பெனியும் ஸ்டெம் செல் பேரில் வருகிறது. தொப்புள்கொடி ரத்தத்தை உறையவைத்துப் பாதுகாப்பது. சென்னையில் லைஃப்செல் 2004 இல் தொடங்கியது. வேறு பலவும் உண்டு. அவை ஸ்டெம் செல் வைத்து மருந்து செய்து சம்பாதிப்பதில்லை, பெற்றோர் கட்டும் பாதுகாப்புக் கட்டணத்தில் நடக்கின்றன. வங்கிக்காரன் கண்ணுக்கு அது லாக்கர் வாடகை. நேர்மையாக நடத்தினால் வாடகைத் தொழிலில் தப்பு இல்லை. ஆனால் லாக்கருக்குள் இருப்பது தங்கமா என்று லாக்கர்காரர் சொல்ல முடியாது. ஒரு குழந்தையின் கொடி ரத்தத்தைப் பின்னாளில் அதே குழந்தைக்கென்று சேமிப்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள் எழுதியிருக்கின்றன. அதே நெறிகள், மஜ்ஜை மாற்று போன்ற தேறிய சிகிச்சைகளைத் தவிர மற்ற எதையும் முறையான சோதனைக்கு வெளியே நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது என்றும் சொல்கின்றன. வாடகைக் கம்பெனியா, மருந்துக் கம்பெனியா என்பதைப் பிரித்துப் பார்க்காமல் ஒரே பேருக்கு மயங்குகிறவர்கள் நிறைய.

ஆய்வுக்கூடங்களோடு எங்கள் கரைக்கும் ஓர் உறவு உண்டு, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. உலகத்து ஆய்வுக்கூடங்களில் நுண்ணுயிரை வளர்க்கும் தட்டுகளில் கட்டியாக இருப்பது அகர். அது கடற்பாசியிலிருந்து வருவது. பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றி, பாறையில் கை கிழியக் கிழியப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசி அகருக்குத்தான் போகிறது. குளிப்பவருக்கு மூன்றில் ஒரு குவியல் என்ற கணக்கு மரிச்சுக்கட்டியில் வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தது. இந்தப் பெண்களுக்கு வியாபாரி சொல்லும் கிலோ விலை மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மருமகனைக் கூப்பிட்டேன். இவ்வளவையும் சொல்ல ஒரு மணி நேரம் ஆனது. பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "அப்ப வேண்டாம்னு சொல்றீங்களா மாமா?" என்றான்.

"வேண்டாம்னு சொல்லலை வாப்பா. அந்தக் கம்பெனிக்கு ஒரு கடுதாசி எழுது. உங்க மருந்தை எத்தனை நோயாளிக்குக் கொடுத்திருக்கீங்க, கொடுக்காத ஆளோட ஒப்பிட்டுப் பாத்தீங்களா, எந்த நாட்டு அரசாங்கம் அந்தக் கணக்கைப் பாத்துச்சு, கையில இருக்கிற பணம் எத்தனை வருஷத்துக்கு வரும்னு கேளு. எத்தனை சிப்பி திறந்தீங்கன்னு கேக்குற மாதிரி கேளு. எழுதின பதிலா வாங்கு. வந்ததும் எனக்கு அனுப்பு, ரெண்டு பேருமா உக்காந்து படிப்போம். திரும்பி வராட்டியும் வீட்டுச் செலவு நடக்கும்ங்கிற பணம் எவ்வளவுன்னு அதுக்குள்ள உன் பொஞ்சாதிக்கிட்ட கேட்டு வை."

எழுதுகிறேன் என்றான். பத்து நாள் கழித்து இரவு ஒரு சேதி வந்தது. கடிதம் போட்டுவிட்டானாம். அவர்கள் வழவழத் தாளில் அச்சிட்ட படப் புத்தகம் ஒன்றை அனுப்பியிருக்கிறார்களாம். கேட்ட கேள்விக்குப் பதில் அதில் இல்லையாம். மறுபடி எழுதியிருக்கிறேன் மாமா, பாக்கலாம் என்று முடித்திருந்தான்.